காம்பராவுக்கு எந்த ஸ்பீக்கர்? மலைநாட்டு வீட்டுக்கான சிறிய சோடிகள், ஓர் ஒப்பீடு

பழைய லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறை, பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. சீமெந்துத் தரை, காரை பூசிய சுவர், மேலே தகரம். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம்; விடிய எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போக வேண்டியவர்கள். அப்படியொரு அறைக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வொட்?" என்றுதான். அதைக் கடைசியாகக் கேளுங்கள். அறையின் அளவு, சுவரின் ஈரம், வீட்டுக்கு வரும் கரண்ட், இந்த மூன்றையும் பார்த்துத் தெரிவு செய்தால் குறைந்த காசிலேயே பாட்டு நன்றாகக் கேட்கும். மூன்றில் ஒன்றை மறந்தாலும் விலை கூடிய சாமான் ஒரே மழைக்காலத்தில் கெட்டுப்போகலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பத்துப் பேரில் ஏழு பேருக்குப் பொருந்துவது, அம்ப்ளிபயர் உள்ளேயே வைத்த 4 அங்குல ஸ்பீக்கர் சோடி. மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து கேட்பவருக்குச் சிறிய ஸ்டூடியோ மொனிட்டர் (பதிவறைக்கென்று செய்த ஸ்பீக்கர்) சோடி. தனிவீடு கட்டிக் குடிபோனவர், இன்னும் பத்து வருடம் இந்த விருப்பம் வளரும் என்று நினைப்பவர், ஸ்பீக்கரையும் அம்ப்ளிபயரையும் தனித்தனியாக வாங்கலாம். கையில் காசு மிகவும் குறைவென்றால் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. அவற்றைச் சோதித்து வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். தரையில் பெரிய பெட்டியும் மேலே இரண்டு குட்டிப் பெட்டியுமாக விற்கும் 2.1 செட்டைப் பாட்டுக் கேட்பதற்காக வாங்க வேண்டாம்.

வொட் கணக்கு

ஸ்பீக்கரின் பின்புறத்திலோ கையேட்டிலோ 87 டெசிபல் (சத்தத்தின் அளவு) என்று குறித்திருக்கிறது என்று வைப்போம். ஏறத்தாழ 1 வொட் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்பது அதன் பொருள். 2 மீற்றர் தள்ளி உட்கார்ந்தால் 6 குறையும், இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்தால் 3 கூடும். ஆக 84 டெசிபல். சுவர்கள் திருப்பி அனுப்புவதும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டும். இவ்வளவுக்கும் பக்கத்துக்கு வெறும் 1 வொட்தான். மேளம் திடீரென்று எழும் இடங்களுக்கு 10, 15 வொட் கையிருப்பு இருந்தால் ஒரு காம்பராவுக்கு அது தாராளம்.

வொட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறிய வித்தியாசம். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வொட். ஆகவே 20 வொட்டுக்கும் 40 வொட்டுக்கும் இடையில் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. பெட்டியில் ஆயிரக்கணக்கில் 'பிஎம்பிஓ' (PMPO, விளம்பரத்துக்கான உச்ச வொட்) என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். 'ஆர்எம்எஸ்' (RMS, தொடர்ந்து தரக்கூடிய வொட்) என்று எழுதியிருப்பதைத்தான் ஒப்பிட வேண்டும். தகரத்தில் மழை அடித்து ஊற்றும்போது பாட்டு கேட்கவில்லை என்பதற்காகப் பெரிய வொட் தேடுபவர்களும் உண்டு. அந்த மழையை வெல்லும் அளவுக்குக் கூட்டினால் சிறிய வூஃபரின் (தாழ்ந்த சுரங்களை எழுப்பும் பெரிய கூம்பின்) சுருள்தான் சூடேறும். மழை நேரத்தில் ஸ்பீக்கரைக் கிட்ட இழுத்து வைப்பதே வழி: 2 மீற்றரில் இருப்பதை 1 மீற்றருக்குக் கொண்டுவந்தால் காசில்லாமல் 6 டெசிபல் வரை கிடைக்கும்.

2.1 செட் ஏன் வேண்டாம்

விலை குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும், புளூடூத், யூஎஸ்பி, எஃப்எம் எல்லாம் அதிலேயே இருக்கும். அதனால்தான் இத்தனை வீடுகளில் இருக்கிறது. குறை அதன் அமைப்பில் உள்ளது. மேலே வைக்கும் குட்டிப் பெட்டிகளில் 2 அல்லது 3 அங்குல ஸ்பீக்கர்தான் இருக்கும்; அவற்றால் தாழ்ந்த சுரங்களை எழுப்ப முடியாது. அதனால் 150, 200 ஹேர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையுள்ளதைத் தரைப்பெட்டியிடம் ஒப்படைத்திருப்பார்கள். ஆண்குரலின் அடிச்சுரம் 85 முதல் 180 ஹேர்ட்ஸ் வரையில் இருக்கிறது. பாடகரின் குரல் பாதி மேலேயிருந்தும் பாதி மூலைத் தரையிலிருந்தும் வரும். மலிவான தரைப்பெட்டி தன் காற்றுத் துளைக்கேற்ற ஒரே தொனியையே திரும்பத் திரும்ப இடிக்கும். பேஸ் கிற்றார் எந்தச் சுரத்தில் நகர்ந்தாலும் "டும் டும்" என்று ஒன்றாகவே கேட்கும். தவிலின் இரண்டு முகங்களும் ஒன்றாகிவிடும்.

இன்னொன்று, தரையில் வைத்த பெட்டியின் அதிர்வு பொதுச் சுவர் வழியாக அடுத்த காம்பராவுக்கு நேராகப் போகும். உயர்ந்த சுரங்களைச் சுவர் தடுக்கும், தாழ்ந்தவற்றைத் தடுக்காது. உங்களுக்கு மெதுவாகக் கேட்கும் பாட்டு அங்கே தூங்குபவருக்கு இடியாகக் கேட்கும். லயத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

உள்ளேயே அம்ப்ளிபயர் வைத்த சோடி

இந்த வகைக்கு அளவுகோலாக எடுக்கக்கூடியது எடிஃபையர் ஆர்1280டி (R1280T). 4 அங்குல வூஃபர், உயர்ந்த சுரங்களுக்கு 13 மில்லிமீற்றர் பட்டுக் குவிமாட ட்வீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 42 வொட் ஆர்எம்எஸ். பெட்டி எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, உயரம் 24 செ.மீ. அளவு. வலப்பக்கப் பெட்டிக்குள்தான் எல்லா மின்வேலையும். இடப்பக்கத்துக்குச் சாதாரண இரட்டை வயர் போகிறது. கூட வரும் வயர் குட்டையாக இருந்தால் நீளமான வயரைக் கிளிப்பில் மாட்டிக்கொள்ளலாம், தனிப்பட்ட பிளக் எதுவும் தேவையில்லை. வலப்பெட்டியின் பக்கவாட்டில் பேஸ், ட்ரெபிள், சத்தம் என மூன்று திருகுகள். அலுமாரிக்குள் இறுக்கமாகச் செருகினால் கை போகாது. வலப்புறம் நான்கு விரல் இடம் விடுங்கள்.

ஆர்1280டியில் புளூடூத் இல்லை, சிவப்பு வெள்ளை ஆர்சிஏ உள்வாய்கள் இரண்டு மட்டும். போனின் 3.5 மி.மீ. துளையிலிருந்து ஆர்சிஏ வயர் போட்டால் போதும். அதே குடும்பத்தில் 1280டிபி (1280DB) என்று முடியும் மாதிரியில் புளூடூத்தும் ஒப்டிக்கல் (ஒலியை வெளிச்சமாகக் கொண்டுவரும் வயருக்கான) உள்வாயும் சேர்ந்து வரும். இரண்டில் எது என்பதை உங்கள் தொலைக்காட்சியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் ஹெட்போன் துளை இல்லை, ஒப்டிக்கல் மட்டும் இருக்கும். அப்படியானால் டிபிக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். பாட்டு மட்டும் என்றால் சாதாரண டியை வாங்கி, போனில் துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். வயர் வழியாக இணைக்கும்போது போனின் சத்தத்தை முழு அளவுக்குக் கொஞ்சம் கீழே வைத்து, ஸ்பீக்கரின் திருகால் கூட்டிக் குறையுங்கள். மாறாகப் போனைக் குறைத்து ஸ்பீக்கரைக் கூட்டினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து வளரும்.

இந்த அளவு ஸ்பீக்கரில் பேஸ் எவ்வளவு வரும்? 60, 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே வேகமாகக் குறைந்துவிடும். பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹேர்ட்ஸ். அந்த அடிச்சுரம் முழுதாக வராது. ஆனால் அதன் இரண்டாம், மூன்றாம் மடங்குகளான 82, 123 ஹேர்ட்ஸ் தெளிவாக வரும், காது மீதியை நிரப்பிக்கொள்ளும். எழுபது எண்பதுகளின் திரைப்பாடல்களில் பேஸ் கிற்றார் தனியொரு மெட்டாக ஓடுவதைப் பின்தொடர இந்தச் சோடி போதும். மிருதங்கத்தின் இடப்பக்கத் 'தொம்' உருண்டையாகக் கேட்கும். காமன் கூத்தில் அடிக்கும் தப்பு மேளத்தின் முழு அதிர்வை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்குப் பெரிய வூஃபர் வேண்டும்.

மேசைக்கு: சிறிய மொனிட்டர்கள்

ப்ரீசோனஸ் ஈரிஸ் 3.5, எடிஃபையர் எம்ஆர்4 இரண்டும் பாட்டுப் பதிவு செய்பவர்களை நினைத்துச் செய்தவை. ஈரிஸில் 3.5 அங்குல வூஃபரும் 1 அங்குலப் பட்டு ட்வீட்டரும், பக்கத்துக்கு 25 வொட். எம்ஆர்4இல் 4 அங்குலமும் 1 அங்குலமும், மொத்தம் 42 வொட். ஆர்1280டியின் 13 மி.மீ. ட்வீட்டரோடு ஒப்பிட்டால் 1 அங்குலக் குவிமாடம் இன்னும் தாழ்ந்த சுரம்வரை இறங்கி வேலை செய்யக்கூடியது. அதனால் குரலும் வயலினும் வீணையின் மீட்டலும் இன்னும் தெளிவாகப் பிரியும். கர்நாடக இசை அதிகம் கேட்பவருக்கு எங்கள் தெரிவு எம்ஆர்4தான்.

ஆனால் இவை 1 மீற்றர் தூரத்தில் காதுக்கு நேரே வைத்துக் கேட்கச் செய்தவை. அறையின் மறுமூலையிலிருந்து கேட்டால் அந்தத் தெளிவு சுவரில் பட்டுச் சிதறிவிடும். ரிமோட் வராது. மோசமாகப் பதிவான பழைய பாட்டின் குறைகளையும் மறைக்காமல் காட்டும். இணையத்திலிருந்து இறக்கிய நைந்த கோப்புகள் இதில் கேட்கக் கரகரக்கும். ஈரிஸின் காற்றுத் துளை பின்புறம் என்பதால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். அதன் பின்னால் உயர்ந்த, தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் உண்டு. சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால் தாழ்ந்ததை இரண்டு மூன்று டெசிபல் குறைத்துவிடுங்கள்.

தனித்தனியாக வாங்குவது

சோனி எஸ்எஸ்-சிஎஸ்5 நல்ல எடுத்துக்காட்டு: 13 செ.மீ. வூஃபர், 1 அங்குல ட்வீட்டர், அதற்குமேல் முக்கால் அங்குல சூப்பர் ட்வீட்டர், மின்தடை 6 ஓம், 87 டெசிபல். ஜேபிஎல் ஸ்டேஜ் ஏ130 அதே அளவு வூஃபர் கொண்டது, 86 டெசிபல். இவற்றின் பெட்டி பெரிது, அதனால் 4 அங்குலச் சோடி கைவிடும் இடத்துக்கும் கீழே இறங்கும். தப்பும் தவிலும் இங்கேதான் உடம்போடு கேட்கும். பெட்டிக்குள் மின்னணு எதுவும் இல்லாததால் இடியோ வோல்ட் ஏற்ற இறக்கமோ அம்ப்ளிபயரைத்தான் தாக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும், ஸ்பீக்கர் இருபது வருடம் இருக்கும். உள்ளேயே அம்ப்ளிபயர் வைத்த சோடியில் ஒரு சிறிய சுற்று எரிந்தால் முழுச் சோடியும் ஊமை. ரிப்பெயார் கடைக்குக் கொழும்புவரை போக நேரலாம். மலைநாட்டில் இந்த வித்தியாசம் பெரியது.

அம்ப்ளிபயருக்கு டிபிஏ 3116 (TPA3116) சிப் வைத்த சிறிய டி-வகுப்பு (Class D, குறைந்த கரண்டில் ஓடும் வகை) பெட்டி ஒன்று போதும். ஃபோசி, ஐயிமா போன்ற பெயர்களில் வருகின்றன. பெட்டியில் 100 வொட் என்று இருக்கும். சிப்பின் தரவுத்தாள் சொல்வது 21 வோல்ட்டில், 4 ஓமில், 10 வீதச் சிதைவோடு பக்கத்துக்கு 50 வொட். சுத்தமாகக் கேட்க அதிலும் குறைத்துக் கணக்கிடுங்கள். முன்னே பார்த்தபடி அது போதுமானதே. விலை குறைந்தவற்றில் ஏமாற்றுவது பவர் அடப்டர்தான். 24 வோல்ட், 4 அம்பியருக்குக் குறையாதது வேண்டும். 12 வோல்ட் 2 அம்பியர் அடப்டரோடு விற்றால் பேஸ் வரும் இடத்தில் சத்தம் வெட்டி வெட்டிப் போகும். பெரும்பாலான பெட்டிகள் பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் சார்ஜரிலும் ஓடும். வாங்கும்முன் பின்புறத்தில் எழுதிய வோல்ட் எல்லையைப் பாருங்கள்.

இந்த வகையில் ஒரு பெரிய வசதி உண்டு, யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். டிபிஏ 3116 சிப் 12 வோல்ட்டிலும் வேலை செய்யும். 6 ஓம் ஸ்பீக்கரில் பக்கத்துக்கு 10 வொட் அளவு கிடைக்கும், 12 வோல்ட் பற்றரியில் ஒரு மாலை முழுதும் பாட்டுக் கேட்கலாம். பற்றரியின் பிளஸ் வயரில் 5 அம்பியர் ஃபியூஸ் கட்டாயம். பிளஸ் மைனஸ் மாறினால் அம்ப்ளிபயர் அந்த நொடியே போய்விடும்.

டி-வகுப்புப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ் வயர்களை ஒன்றாக முறுக்கக் கூடாது, பெட்டியின் உடலோடும் தொடக் கூடாது. மைனஸ் என்று எழுதியிருந்தாலும் அங்கேயும் ஒலி ஓடுகிறது, அது பூமி அல்ல. வயருக்கு 1 சதுர மில்லிமீற்றர் செப்பு நெகிழ்வயர் போதும். 3 மீற்றர் போகவரச் சேர்த்தால் தடை 0.1 ஓம்தான். வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செப்புப் பூசிய அலுமினியம். ஈரத்தில் அது சீக்கிரம் பூத்துவிடும்.

ஜப்பான் பழைய ஸ்பீக்கர்கள்

ரீகண்டிஷன் கடைகளில் ஜப்பானிய மினி கொம்போ செட்டுகள் அடுக்கியிருக்கும். அவற்றில் மரப்பெட்டியோடு வரும் ஸ்பீக்கர்கள் பல, இன்று புதிதாக அந்த விலைக்கு எதுவும் நெருங்க முடியாத தரம். எங்கள் யோசனை: ஸ்பீக்கரை மட்டும் வாங்குங்கள், செட்டை விட்டுவிடுங்கள். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். நமது 230 வோல்ட் சொக்கெட்டில் நேராகச் செருகினால் உள்ளிருக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மர் எரியும். இறக்கும் ட்ரான்ஸ்ஃபோர்மர் வாங்கினால் ஓடும், ஆனால் பிள்ளைகளோ விருந்தினரோ ஒருநாள் பிளக்கை மாற்றிச் செருகிவிடுவார்கள். எஃப்எம்மும் பயன்படாது: பழைய ஜப்பானிய வானொலி பெரும்பாலும் 76 மெகாஹேர்ட்ஸிலிருந்து 90 வரைதான் பிடிக்கும், நமது நிலையங்களோ 108 வரை பரந்திருக்கின்றன. சூரியன், சக்தி, தென்றல் எஃப்எம் நிலையங்கள் அதில் கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

ஸ்பீக்கரைச் சோதிப்பது இப்படி. முன்துணியைக் கழற்றி வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொடுங்கள். றப்பர் என்றால் நல்லது. பஞ்சுபோன்ற ஃபோம் என்றால் விரலால் மெல்ல அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ அது முடிந்த கதை. ஈரமான இடத்தில் ஃபோம் தானாகவே சிதையும். அடுத்து, கூம்பின் இரண்டு ஓரங்களிலும் விரல்களைச் சமமாக வைத்து உள்ளே அழுத்தி விடுங்கள். 'கர்' என்று உராய்ந்தால் சுருள் காந்தத்தில் தட்டுகிறது, வேண்டாம். மல்ட்டிமீற்றரில் ஓம் வைத்து அளந்தால் 6 ஓம் ஸ்பீக்கர் 5 ஓம் அளவு காட்டும்; எதுவும் காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. ஒரு 1.5 வோல்ட் பற்றரியின் மைனஸைக் கறுப்பில் வைத்து, பிளஸ்ஸைச் சிவப்பில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் நகர வேண்டும். எதிர்த்திசையில் நகர்ந்தால் வயர் மாறியிருக்கிறது. அப்படியே கேட்டால் பேஸ் காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

பின்புறம் இரண்டு வயருக்குப் பதில் நான்கு வயர் வரும் ஸ்பீக்கர்களை விட்டுவிடுங்கள். அவற்றில் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி அம்ப்ளிபயர் அந்தச் செட்டுக்குள்ளேயே இருக்கும். பெட்டிக்குள் ஒலியைப் பிரிக்கும் சுற்று பெரும்பாலும் இருக்காது. வேறு அம்ப்ளிபயரில் மாட்டினால் ட்வீட்டர் எரியலாம்.

ஈரம், இடி, கரண்ட்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அப்போது காய்ந்து கிடக்கும், டிசம்பர் ஜனவரியில் நனையும். எந்தப் பக்கமானாலும் வருடத்தில் சில மாதங்கள் துணியே காயாது. எம்டிஎஃப் பெட்டியின் அடிப்பக்கமும் பின்பக்கத் துளை ஓரமும் முதலில் வீங்கும், ஏனென்றால் அங்கே மேல்தாள் ஒட்டியிருக்காது. வாங்கிய அன்றே பூச்சில்லாத ஓரங்களில் நகப்பூச்சையோ வார்னிஷையோ மெல்லிதாகத் தடவிவிடலாம். ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மூடுவதென்றால் பருத்தித் துணி. பிளாஸ்ரிக் உறை உள்ளே வேர்க்கும். கடதாசிக் கூம்பில் வெள்ளைப் பூஞ்சணம் வந்தால் காய்ந்த மென்தூரிகையால் துடையுங்கள், ஈரத்துணி வேண்டாம். நாளும் ஒரு மணிநேரம் பாட்டு ஓடும் ஸ்பீக்கர் தன் சூட்டிலேயே காய்ந்திருக்கும். மாதக்கணக்கில் மூடி வைத்ததுதான் கெடும். சத்தத் திருகைத் திருப்பும்போது 'கரகர' என்றால் உள்ளே தூசியோ அழுக்கோ படிந்திருக்கிறது. கரண்டைக் கழற்றிவிட்டு இருபது முப்பது தடவை முழுவதுமாகத் திருப்புங்கள். போகாவிட்டால் கொன்டாக்ட் கிளீனர் ஒரு துளி.

இடி அதிகம் மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும். சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். தொலைக்காட்சியோடு இணைத்திருந்தால் அந்த வயரையும் கழற்றுங்கள். இடி கூரையில் இருக்கும் டிஷ் அன்டெனா வழியாக வந்து ஸ்பீக்கரின் உள்வாயைக் கொன்றுவிடும். இந்த ஆபத்து ஒப்டிக்கல் வயரில் இல்லை, அதில் வெளிச்சம் மட்டுமே போகிறது. இடிதாங்கும் பிளக்பட்டை வாங்குபவர்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எர்த் இல்லாத பழைய காம்பராவில் அந்தப் பட்டை பெரும்பாலும் சாதாரணப் பட்டைதான்.

மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும்போது, ட்ரான்ஸ்ஃபோர்மரிலிருந்து தூரத்திலுள்ள லயங்களுக்கு வோல்ட் இறங்கும். '100–240 வோல்ட்' என்று எழுதிய அடப்டரில் ஓடும் அம்ப்ளிபயருக்கு இதனால் எதுவும் ஆகாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஸ்பீக்கரென்றால் பின்புற எழுத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மடிக்கணினியை மாட்டியதும் 'உம்ம்' என்று இரைந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் ஸ்பீக்கரில் பழுதில்லை, சார்ஜர் வழியாக வரும் பூமிச் சுற்று அது. புளூடூத்தில் கேளுங்கள், அல்லது வயரின் நடுவில் கிரவுண்ட் ஐசொலேட்டர் (இந்த இரைச்சலைத் தடுக்கும் சிறு பெட்டி) ஒன்று போடுங்கள்.

வைக்கும் இடம்

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் 4, 5 அடி. நீங்கள் உட்காரும் இடத்துக்கும் அதே தூரம். ட்வீட்டர் காது மட்டத்தில். பாயில் உட்கார்ந்து கேட்கும் வீட்டில் அலுமாரி உச்சியில் ஸ்பீக்கர் வைத்தால் தலைக்கு மேலே பாட்டு போய்விடும். தாழ்ந்த பெஞ்சியில் வைத்து முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். இரும்பு அலுமாரி தானே அதிர்ந்து மணியடிக்கும். எதில் வைத்தாலும் தேய்ந்த பாட்டா செருப்பிலிருந்து 1 அங்குலத் துண்டுகள் நான்கு வெட்டி ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் வையுங்கள். பொதுச் சுவரில் அடித்த பலகைத் தட்டில் வைப்பதைத் தவிருங்கள், அடுத்த வீட்டுக்கு அதிர்வு அந்த வழியாகத்தான் போகிறது.

10 அடிச் சுவர்களுக்கிடையே 56 ஹேர்ட்ஸும் 12 அடிக்கிடையே 47 ஹேர்ட்ஸும் தேங்கி நின்று முழங்கும். மூலையில் வைத்த ஸ்பீக்கர் இதை இன்னும் ஊதிப் பெருக்கும். மூலையிலிருந்து 2 அடி வெளியே எடுத்தாலே குரல் தெளிவது கேட்கும். 4 அங்குலச் சோடியின் பேஸ் குறைவு சிறிய அறையில் ஒரு வகையில் நல்லதுதான்; சோனி அளவு வூஃபரைக் காம்பராவில் வைத்தால் இந்த முழக்கத்தோடு போராட வேண்டியிருக்கும். அதனால்தான் அதைத் தனிவீட்டுக்காரருக்குச் சொன்னோம். வெறும் சுவரும் தகரமும் உயர்ந்த சுரங்களைத் திருப்பியடித்துக் காதைக் குத்தும். கேட்பவரின் முதுகுப்புறச் சுவரில் ஒரு தடித்த கம்பளி அல்லது இரண்டு மடிப்புப் போர்வை தொங்கவிட்டால் அம்ப்ளிபயரை மாற்றியதைவிட அதிக வித்தியாசம் தெரியும்.

கடையில்

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ விலை விசாரித்துவிட்டு, கண்டியிலோ ஹற்றனிலோ கிடைக்கும் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பஸ் செலவைவிடக் கொஞ்சம்தான் கூட என்றால் கிட்டவே வாங்குங்கள். பழுதென்றால் தூக்கிக்கொண்டு போகும் தூரமும் விலையில் சேர்த்திதான். போனில் உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகளைக் கோப்பாகவே கொண்டுபோங்கள்: ஒரு பெண்குரல், ஓர் ஆண்குரல், நாதஸ்வரம் தவில் சேர்ந்த ஒன்று, பேஸ் கிற்றார் ஓடும் ஒன்று. முதலில் குறைந்த சத்தத்தில் கேளுங்கள். குறைந்த சத்தத்தில் சொற்கள் புரியாத ஸ்பீக்கர் வீட்டிலும் புரியாது. பிறகு பாட்டை நிறுத்தி, திருகை முக்காலுக்குக் கூட்டி, காதைக் கிட்ட வைத்து இரைச்சலைப் பாருங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்க வேண்டும். பெட்டியையும் உள்ளிருக்கும் ரெஜிஃபோமையும் உத்தரவாதம் முடியும்வரை எறியாதீர்கள். பஸ் டிக்கியில் திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்த வளைவுகளில் ஸ்பீக்கரைக் காப்பாற்றுவது அதுதான்.